புள்ளி போச்சுன்னா நோய் போச்சுன்னு அர்த்தம் இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க செல்லப்பிராணி பகுதியில மீன் தொட்டியில வர்ற வெள்ளைப்புள்ளி நோய் பத்தி போட்டிருந்தீங்க, சந்தோஷம். ஆனா அதுல "புள்ளி மறையுற வரைக்கும் மருந்து ஊத்துங்க, மறைஞ்சதும் நிறுத்திடலாம்"னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அதைப் படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. மீன் வளக்குற நிறைய பேரு இதைத்தான் பண்றாங்க, கொஞ்ச நாள்ல முன்ன விட மோசமா திரும்ப வருது, அப்புறம் மருந்து டூப்ளிகேட்டுன்னு கடைக்காரர்கிட்ட போய் சண்டை.

இது பூஞ்சையும் இல்ல பாக்டீரியாவும் இல்ல, இக்தியோஃப்திரியஸ்னு ஒரே ஒரு செல் உள்ள ஒட்டுண்ணி, சுருக்கமா 'இக்'குன்னு சொல்லுவாங்க. உப்புத்தூள் தெளிச்ச மாதிரி தெரியுற ஒவ்வொரு புள்ளியும் மீனோட மேல்தோலுக்கு அடியில உக்காந்து தின்னுக்கிட்டு இருக்குற ஒரு ஒட்டுண்ணி, அது உள்ள இருக்குற வரைக்கும் தண்ணியில என்ன ஊத்தினாலும் அதை ஒண்ணும் பண்ணாது. நல்லா தின்னு பெருத்ததும் தானாவே கழண்டு விழுந்து கல்லு மேலயோ செடி மேலயோ ஒட்டிக்கிட்டு சுத்தி ஒரு கூடு போட்டுக்கும், உள்ளயே ஒண்ணு ரெண்டாகி ரெண்டு நாலாகி நூத்துக்கணக்குல, சில சமயம் ஆயிரம் வரைக்கும் குட்டி. வெளிய வர்ற குட்டிக்கு ரெண்டு நாளுக்குள்ள ஒரு மீன் கிடைக்கலன்னா செத்துடும். மருந்து முக்கியமா கொல்றது தண்ணியில நீந்துற இந்தக் குட்டியைத்தான்.

அப்போ புள்ளி மறைஞ்ச அன்னிக்கு என்ன நிலைமை? மீன் உடம்புல இருந்தது எல்லாம் கீழ இறங்கி கூட்டுக்குள்ள பெருகிக்கிட்டு இருக்கு, அன்னிக்குப் போய் மருந்தை நிறுத்தினா வெளிய வர்ற குட்டிக்கு நாமளே கதவைத் திறந்து விடுறோம். கடைசிப் புள்ளி மறைஞ்சு குறைஞ்சது ஒரு வாரமாவது தொடரணும், அதுவும் 25, 26 டிகிரி இருக்குற வெதுவெதுப்பான தொட்டிக்கு. ஏன்னா அந்தச் சூட்டுல இந்த மொத்தச் சுற்றும் ஒரு வாரத்துக்குள்ள முடிஞ்சிடும், 15 டிகிரின்னா ரெண்டு வாரம் கிட்ட, 10 டிகிரின்னா ஒரு மாசத்துக்கு மேல கூட இழுக்கும். ஹீட்டர் இல்லாத கோல்ட்ஃபிஷ் தொட்டிக்கும் வெதுவெதுப்பான தண்ணியில வாழுற டெட்ரா மீன் தொட்டிக்கும் ஒரே நாள் கணக்கு சொன்னா எப்படிங்க சரியா வரும்?

ஹீட்டரை ஏத்தச் சொல்றது இதுக்குத்தான், சுற்று வேகமா ஓடி குட்டி சீக்கிரம் வெளிய வந்து மருந்துல மாட்டும். 30 டிகிரி கிட்ட போனா பெரும்பாலும் அதால பெருகவே முடியாது. ஆனா ஒரேடியா ஏத்தாதீங்க, சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரின்னு மெதுவா. சூடான தண்ணியில ஆக்ஸிஜன் கம்மியா கரையும், இந்த ஒட்டுண்ணி செவுளையும் கெடுக்கும், ரெண்டும் சேர்ந்தா மீன் மேல வந்து வாயைப் பொளந்து பொளந்து மூச்சு வாங்கும், அதனால ஏர் பம்ப் நிக்காம ஓடணும். கோல்ட்ஃபிஷ் மாதிரி குளிர்ந்த தண்ணி மீனுக்கு இந்த 30 டிகிரி வேலை வேண்டாம்.

மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி ஃபில்டர்ல கார்பன், அதாவது தண்ணியைச் சுத்தம் பண்ற கரி, இருந்தா எடுத்துடுங்க, இல்லன்னா மருந்தை அது உறிஞ்சிடும், பாதி பேரு மருந்து வேலை செய்யலன்னு சொல்றது இங்கதான். ஒவ்வொரு டோஸுக்கும் முன்னாடி கல்லுக்கு அடியில சைஃபன் குழாய் விட்டு அழுக்கை உறிஞ்சி இழுத்து கால்வாசித் தண்ணி மாத்துங்க, கூட்டுல கொஞ்சம் அதுலயே போயிடும், இதுக்குப் பணமும் வேண்டாம். மாலகைட் கிரீன், ஃபார்மலின் கலந்ததுதான் வழக்கமான மருந்து, லோச்னு சொல்ற அடிமட்டத்துல திரியுற மீன் மாதிரி செதில் இல்லாத இல்ல ரொம்பச் சின்னச் செதில் உள்ள மீன் இதை அவ்வளவா தாங்காது, லேபிள்ல அதுக்குன்னு தனி அளவு இருக்கான்னு பாருங்க, பாதி டோஸ்னுதான் பெரும்பாலும் இருக்கும். கை உறை போட்டு ஊத்துங்க, மாலகைட் கிரீன் நல்ல சாமான் இல்ல, சாப்பிடுற மீனுக்குப் போடக்கூடாதுன்னு பல நாட்டுல தடையே இருக்கு. காப்பர் மருந்துன்னா இறால், நத்தை எல்லாம் காலி. உப்பு போடுறவங்க லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரைக்கும் போடுறாங்க, ஆனா செடி இருக்குற தொட்டின்னா செடிதான் முதல்ல சாகும்.

இன்னொரு குழப்பம், ஆண் கோல்ட்ஃபிஷ்க்கு இனப்பெருக்க சமயத்துல செவுள் மூடி மேலயும் முன் துடுப்பு ஓரத்துலயும் வெள்ளையா சின்னச் சின்ன முத்து முத்தா வரும், அதைப் பாத்துட்டு மருந்து ஊத்துறவங்க நிறைய. நோய்னா வால், உடம்பு எல்லா இடத்துலயும் கண்டபடி இருக்கும், மீன் கல்லுல போய் உரசும், துடுப்பை உடம்போட ஒட்டி வச்சுக்கும். புள்ளியே தெரியாம செவுளுக்குள்ள மட்டும் வந்து சாகுற மீனும் உண்டு, அதனால ஒரு மீனுக்கு வந்துச்சுன்னா அந்த ஒண்ணை மட்டும் தூக்கி வேற பக்கெட்டுல விட்டு மருந்து குடுக்குறது வேஸ்ட், மொத்தத் தொட்டிக்கும் சேர்த்துதான் பண்ணணும்.

புது மீனை ரெண்டு மூணு வாரம் தனியா வச்சுப் பாத்துட்டு விடுங்கன்னு உங்க கட்டுரையிலயே இருந்துச்சு, அது சரிதான், ஆனா புதுச் செடி, கடை வலை, கடைத் தண்ணி வழியாவும் இது வரும், அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அந்த "நிறுத்திடலாம்" வரிக்கு மட்டும் அடுத்த வாரமே ஒரு திருத்தம் போடுங்க, அதை நம்பி நாளைக்கே மருந்தை நிறுத்தப் போறவங்க இருப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்