பத்தாவது டம்ளர்: ஆன்மிகச் சிறுகதைப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். லுங்கிக் கடை ஒன்றில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. கதை எழுதுவதெல்லாம் இரவு பத்து மணிக்கு மேல்தான். உங்கள் போட்டிக்கு அனுப்பிய கதை போன வாரம் திரும்பி வந்தது. பரிசு கிடைக்காததில் வருத்தமில்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. ஆனால் இந்த மடல் அதற்காக இல்லை. கதையோடு பின் அடித்திருந்த துண்டுச் சீட்டில், "நாயகன் இறுதியில் ஞானம் பெறவில்லை. வேதாந்தக் கருத்து வெளிப்படவில்லை" என்று இருந்தது. அந்த இரண்டு வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜ். கணவனை வைத்தியத்துக்குக் கூட்டிக்கொண்டு கொல்கத்தாவிலிருந்து வந்த ஓர் அம்மா அங்கே மூன்று மாதம் தங்குகிறார். மாமனார், கொழுந்தன் என்று ஏழெட்டுப் பேர் வந்து போகும் ரூம். அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்தவை. கணவர் இறந்த மறுநாள் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி ரூம் பையனிடம் ஒப்படைக்கிறார். மிச்சமிருந்த அரிசியில் கஞ்சி வைத்து அவனுக்கும் ஒரு டம்ளர் கொடுக்கிறார். பையன் டம்ளர்களை எண்ணுகிறான். ஒன்பது. மறுபடி எண்ணுகிறான், ஒன்பதுதான். முதலாளி சம்பளத்தில் பிடிப்பாரே என்று பயம். அந்த அம்மாவிடம் கேட்கவும் வாய் வரவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று அவர் ஆட்டோவில் ஏறிப் போன பிறகுதான் பார்க்கிறான், பத்தாவது டம்ளர் அவன் கையிலேயே இருக்கிறது. கதை அங்கே முடிகிறது.

இதில் வேதாந்தம் எங்கே என்று கேட்கிறீர்கள். தாண்டவராய சுவாமிகளின் வேதாந்த நூலான கைவல்ய நவநீதத்தை உங்களில் ஒருவராவது கரைத்துக் குடித்திருப்பீர்கள். அதில் வரும் கதைதான். பத்துப் பேர் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறி எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒன்பதுதான் வருகிறது. ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து, "பத்தாமவன் நீதான்" என்கிறான். (நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால், வறண்டு கிடக்கும் பாலாற்றில் எப்படி அடித்துக்கொண்டு போவான் என்று கேட்பார்கள். 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிள்ளைகள் கேட்க மாட்டார்கள்.) என் கதையில் அந்த வழிப்போக்கனை மட்டும் எடுத்துவிட்டேன். அவன் வந்து சொல்லிவிட்டால் படிக்கிறவருக்கு வேலையே இல்லை.

உங்கள் நான்காவது விதி, "கதை முடிவில் வேதாந்தக் கருத்து தெளிவாக உணர்த்தப்பட வேண்டும்" என்கிறது. உபநிடதங்களே இந்த விதிக்குள் அடங்குமா என்று எனக்குச் சந்தேகம்.

சாந்தோக்கியத்தில் சுவேதகேது பன்னிரண்டு வருடம் படித்துவிட்டு இருபத்துநாலு வயதில் தலைக்கனத்தோடு வீடு திரும்புகிறான். அவன் அப்பா உத்தாலகர் அவனை உட்கார வைத்து உபதேசம் மட்டும் செய்திருக்கலாம். அதற்கு நடுவிலேயே, பதினைந்து நாள் சாப்பிடாதே, தண்ணீர் மட்டும் வேண்டிய அளவு குடி என்கிறார். பதினாறாம் நாள், வேதத்தைச் சொல்லு பார்ப்போம் என்கிறார். பையனுக்கு ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்புகிறார். சாப்பிட்டு வந்ததும் கேட்டதெல்லாம் சொல்கிறான். மனம் சோற்றால் ஆனது என்பதை அவன் வயிறே அவனுக்குச் சொல்லிவிட்டது. பிறகு ஒரு நாள் தண்ணீரில் உப்பைப் போட்டு வைக்கச் சொல்கிறார். காலையில், நேற்றுப் போட்ட உப்பை எடுத்துக் கொடு என்கிறார். தேடுகிறான், அகப்படவில்லை. மேலே குடித்துப் பார், நடுவில் குடித்துப் பார், அடியில் குடித்துப் பார். மூன்று தடவையும் அவன் சொல்வது ஒரே சொல்தான்: உப்பு. 'அது நீ' என்ற பெரிய வாக்கியத்தை முன்பே சொல்லியிருந்தாலும், அதற்குப் பிறகு மறுபடியும் சொல்கிறார். நாக்கில் கரிப்பு இருக்கும்போதே சொல்வதால்தான் அது ஏறுகிறது.

கடோபநிடதமும் அப்படித்தான். நசிகேதனின் அப்பா கறவை வற்றிப்போன கிழட்டு மாடுகளைத் தானம் கொடுக்கிறார். பையனுக்கு அது பொறுக்கவில்லை. என்னை யாருக்குக் கொடுப்பீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்க, எமனுக்கு என்று அப்பா கோபத்தில் சொல்லிவிடுகிறார். எமன் வீட்டு வாசலில் மூன்று இரவு பட்டினி கிடக்கிறான். அவன் பிரம்மத்தை அடைந்த செய்திக்குக் கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு சுலோகம். அந்த மாடுகளை விட்டுவிட்டு சுலோகத்தை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்?

ஞானம் பெற்ற பாத்திரங்களை நானும் எழுதிப் பார்த்திருக்கிறேன். நாலு கதை. நாலிலும் கடைசிப் பக்கத்தில் ஒளி வந்தது, கண்ணீர் வழிந்தது, எங்கேயோ மணி அடித்தது. நாலையும் அடுக்கிப் படித்தால் கடைசிப் பக்கம் ஒன்றேதான், பெயர்தான் வேறு. எனக்கு வாய்க்காத ஒன்றை வாய்த்தவன் மாதிரி எழுதினால் அப்படித்தான் வரும்.

சின்ன வயதில் அப்பா என்னை வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப் போவார். தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைக் கேலி பேசிய காலம். கல்யாண மண்டபத்துத் தூண்களைக் காட்டிவிட்டுக் கருவறைப் பக்கம் நடத்திப் போவார். உள்ளே இருட்டு, வவ்வால் நாற்றம். "சாமி எங்கப்பா?" என்பேன். "சத்துவாச்சாரியில இருக்குதுடா" என்பார். 1981 மார்ச்சில் அந்தக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குத் திரும்பி வந்த பிறகு எத்தனையோ தடவை வரிசையில் நின்று கும்பிட்டிருக்கிறேன். ஆனாலும் அந்தக் காலி இடத்தை எட்டிப் பார்த்தபோது வந்த படபடப்பு இன்னும் போகவில்லை. என் கதைகளின் கடைசிப் பக்கத்தை அப்படி விட்டு வைக்கத்தான் இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் அறிவிப்பின் தலைப்பில் 'அப்பய்ய தீட்சிதர் பிறந்த மண்' என்று போட்டிருந்தீர்கள். ஆரணிப் பக்கம் அடையபலம், பழைய வட ஆற்காடு, வாஸ்தவம். நூற்றுநான்கு நூல் எழுதினார் என்பார்கள். வேலூர் சின்ன பொம்ம நாயக்கர் அவருக்குக் கனகாபிஷேகம் செய்தார். ஆனால் ஊரில் அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை வேறு. புத்தி தடுமாறும்போதும் தன் பக்தி நிற்குமா என்று பார்க்க ஊமத்தையைத் தின்றாராம். அந்த மயக்கத்தில் பிதற்றுவதை எழுதி வையுங்கள் என்று சீடர்களிடம் சொல்லியிருந்தாராம். அப்படிப் பிறந்தது ஆத்மார்ப்பண ஸ்துதி என்கிறார்கள். அத்தனை சாஸ்திரம் படித்த மனிதருக்குத் தன் மேல் இருந்த சந்தேகத்தைப் பாருங்கள். என் ரூம் பையனுக்கும் அந்தச் சலுகையைக் கொடுக்கக் கூடாதா?

அடுத்த வருட அறிவிப்பில் நான்காவது விதியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், உங்களில் யாரோ ஒருவர் ஆறாம் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "கொதிக்கிற கஞ்சியோடு எவர்சில்வர் டம்ளரைப் பிடித்திருப்பவன், அது கையில் இருப்பதை எப்படி மறப்பான்?" அவர் யாரென்று தெரியவில்லை, அவருக்கு என் நன்றி. அது முழுக்க என் தப்பு. கஞ்சியை ஆற வைத்துவிட்டேன். முடிவை மாற்றாமல் கதையை மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
குடியாத்தத்துக் கணக்குப்பிள்ளை