தரைவேலைச் சம்பளம்: ஞாயிறுக்குள் படிவம் நிரப்புங்க

வணக்கம் மக்களே. விமானப் பணியாளர்களான நம் வேலை ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதங்கள்தான். பேச்சுவார்த்தைக் குழு அனுப்பிய கருத்துப் படிவத்தை நம் டொராண்டோ தமிழ்க் குழுவில் பாதிப் பேர்கூட நிரப்பவில்லை.

விமானம் நகர்ந்த பிறகுதான் நமக்கு மணிக்கணக்கு ஓடுகிறது. பயணிகளை ஏற்றுவது, மேல் அலமாரியில் அடங்காத பெட்டியோடு மல்லுக்கட்டுவது, பாதுகாப்புச் சோதனை என்று தரையில் செய்யும் வேலையெல்லாம் இலவச சேவை. போன வாரம் கேட்டிலேயே ஒன்றே முக்கால் மணி நேரம் கதவைத் திறந்துவைத்து நின்றோம், அழுத குழந்தைக்குப் பால் சூடாக்கினேன், தண்ணீர் கொடுத்தேன், திட்டும் வாங்கினேன், சம்பளச் சீட்டில் அதற்குப் பூஜ்யம்.

கேட்டால் கிடைக்காது என்பவர்களுக்கு: 2025 ஆகஸ்ட் 16 அன்று ஏர் கனடாவில் பத்தாயிரம் விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், தகராறை நடுவரிடம் அனுப்ப வழிசெய்யும் தொழிலாளர் சட்டத்தின் 107-வது பிரிவை அரசு கையில் எடுத்தது, வேலைக்குத் திரும்பச் சொல்லி உத்தரவு வந்தது, அவர்கள் அசையவில்லை, 19-ம் தேதி தரைவேலைக்கும் சம்பளம் உண்டு என்று உடன்பாடு வந்தது. அதுவும் பாதி மணிக்கூலியில்தான் தொடக்கம். அப்புறம் சம்பள உயர்வுப் பகுதியை 99 சதவீதம் பேர் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள், அது வேறு கதை.

படிவத்தில் 'எல்லாம் சரி' என்று மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். தேதி, கேட்டில் நின்ற நேரம், விமான வகை எழுதுங்கள். மேசையில் அதுதான் பேசும். புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகள் பயப்பட வேண்டாம், பெயர் வெளியே போகாது. இந்தச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டும் போகக் கூடாது, சரியா?