பளைக் காணியில் பெக்கோ இறக்கும் முன்

அன்புள்ள மாமா,

இலங்கையில், கிளிநொச்சிப் பக்கம் பளையில் இருக்கும் காணியில் பற்றை வெட்ட ஊரில் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) பேசிவிட்டீர்கள் என்று மாமி சொன்னார். "சண்டை முடிஞ்சு இத்தனை வருசம், மாடு மேயுது, இனி என்ன மிதிவெடி" என்றீர்களாம். கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

2023 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் அப்பர் புக்கிட் தீமாவில் கட்டுமான இடத்தில் 100 கிலோ வான்குண்டு கிடைத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் குண்டு. நகர்த்தினால் ஆபத்து என்று அங்கேயே வெடிக்க வைத்தார்கள். அன்று வீட்டை விட்டு வெளியேறிய 4,000-க்கும் மேற்பட்டவர்களில் நீங்களும் மாமியும் இருந்தீர்கள். கிட்டத்தட்ட 80 ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் அடங்காத குண்டு அது. 2009-இல் முடிந்த சண்டையின் வெடி மட்டும் அடங்கிவிடுமா?

முகமாலை உங்கள் காணிக்குச் சில கிலோமீட்டர்தான். 2000-இல் ஆனையிறவை இராணுவம் இழந்த பிறகு, 2008 வரை இராணுவமும் புலிகளும் அங்கேதான் எதிரெதிரே நின்றார்கள். இரு தரப்பும் மிதிவெடி புதைத்தார்கள். நிறைய மிதிவெடிகள் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது. உள்ளே உலோகம் மிகக் குறைவு, வெடி தேடும் கருவிக்குச் சட்டென்று அகப்படாது. அதனால்தான் அங்கே வேலை செய்பவர்கள் முகக்கவசம் போட்டு, முழங்காலில் இருந்து, வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறார்கள். நாள் முழுக்க வெயிலில் சுரண்டினால் ஒருவருக்குச் சில சதுர மீட்டர். அவர்களில் பலர் பெண்கள், போரில் கணவனை இழந்து தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள். அப்படிப்பட்ட மண்ணில் பெக்கோவா, மாமா? அதுவும் அதில் ஏறி உட்காரப்போவது நீங்கள் அல்ல, கூலிக்கு வரும் யாரோ ஒரு பையன்.

மாடு போன தடத்துக்கு ஒரு முழம் தள்ளிக்கூட வெடி இருக்கலாம். இலங்கை 2017-இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, நிலத்தை மிதிவெடி இல்லாமல் துப்புரவாக்க அதற்குள்ள கெடு 2028 ஜூன்.

காணி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்பப்பா நட்ட தென்னைகளை நானும் பார்க்க வேண்டும். முதலில் கிராம சேவகரைப் பாருங்கள். அப்புறம் கிளிநொச்சியில் கண்ணிவெடி அகற்றலுக்குப் பொறுப்பான அலுவலகத்தில், நம் காணி துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்டதா, எவ்வளவு ஆழம் வரை பார்த்தார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். கிணறும் அத்திவாரமும் வெட்ட அந்த ஆழம் தெரிந்தாக வேண்டும்.

பெக்கோக்காரருக்கு இன்றைக்கே போன் போட்டு நிறுத்துங்கள். முற்பணம் போனால் போகட்டும், நான் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்