நைட் ஷிஃப்டில் ரிஜெக்‌ஷன் குறைந்ததா?

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம்.

உன் தொழிற்சாலையில் ஆர்டர் நெருக்கடி என்று ஆட்களை 12 மணி நேரம் நிறுத்தியும் நைட் ஷிஃப்டில், சோதனையில் கழித்துத் தள்ளும் பாகங்கள், அதாவது ரிஜெக்‌ஷன் குறைந்திருக்கிறது என்று போனில் பெருமையாகச் சொன்னாய். அப்போதே சொல்லியிருப்பேன், பேச்சு வாக்குவாதத்தில் முடிந்திருக்கும். அந்தக் கணக்கை நம்பாதே அம்மா. வேலை செய்கிற கை களைத்திருக்கிறதென்றால், அதைச் சோதிக்கிற கண்ணும் களைத்துத்தானே இருக்கும்? கண்ணில் படாத குறை கணக்கிலும் ஏறாது. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும்போதுதான் தெரியவரும்.

இது என் அனுமானம் மட்டும் இல்லை. ரேடார் திரையை வெகுநேரம் பார்ப்பவர்கள் ஏன் கோட்டை விடுகிறார்கள் என்று நார்மன் மாக்வொர்த் என்பவர் ஆராய்ந்து 1948இல் எழுதினார். அவர் வைத்த சோதனையில் கடிகார முள் போல ஒன்று சீராகத் தாவிக்கொண்டே போகும், எப்போதாவது ஒரு முறை இரட்டைத் தாவல். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அரைமணி நேரத்துக்குள்ளேயே தவறவிடுவது கூடிவிட்டது. அந்தச் சோதனையில் உட்கார்ந்தவர்கள் தூக்கம் கெட்டவர்கள்கூட இல்லை. தூக்கம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1997இல் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. மத்தியானமே எழுந்து நைட்டுக்கு வருபவர், விடிகாலை ஐந்து மணிக்கு அந்த நிலையில்தான் லைனில் நிற்கிறார்.

போல்ட் முடுக்கும் இடத்தில் போய்ப் பார். ஆறு போல்ட், ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்ச் (சரியான இறுக்கம் வந்ததும் ஒலி தரும் ஸ்பானர்) 'டிக்' என்று சொல்லும்வரை முடுக்கி, பெயின்ட் மார்க் வைக்க வேண்டும். களைத்தவர் ஐந்தை முடுக்கிவிட்டு ஆறிலும் மார்க் வைப்பார். ஏமாற்று வேலை இல்லை, கை தாளத்தில் ஓடுகிறது, மனசு கூட வரவில்லை. அந்த மார்க்கைப் பார்த்து இன்ஸ்பெக்டரும் பாஸ் போடுவார். ஆறு டிக் எண்ணாமல் பாகத்தை விடாதபடி, அதைப் பிடித்திருக்கும் ஃபிக்ஸ்சரில் ஏற்பாடு செய்யச் சொல்லு. ஆளைத் திட்டிப் பயனில்லை. திட்டினால் அடுத்த முறை சந்தேகம் வந்தாலும் வாயைத் திறக்க மாட்டார்.

இன்ஸ்பெக்‌ஷனில் ஒரே ஆளை உட்கார வைக்காதே, அரைமணிக்கு ஒருமுறை மாற்று. விடிகாலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் லைனில் ஓடும் மாடலை மாற்ற வேண்டாம். இதைவிட முக்கியம், நைட்டில் பாஸான பெட்டிகளில் சிலவற்றைக் காலையில் தூங்கி எழுந்து வந்தவரிடம் கொடுத்துத் திரும்பச் சோதிக்கச் சொல்லு. முதலில் பாஸ் போட்டது யார் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். எத்தனை சிக்கியது என்று எழுது.

அம்மா கேட்கச் சொன்னாள்: அந்த 12 மணி நேரமும் நீயும்தானே நிற்கிறாய், கடைசிக் கையெழுத்தை எத்தனை மணிக்குப் போடுகிறாய்?

அன்புடன்,
அப்பா