பட்டறைத் தரையை அரைத்து மெருகேற்ற நினைப்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு எவ்வளவு?" என்றுதான். தரையைப் பார்க்காமல் நாங்கள் விலை சொல்வதில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லவே இந்த மடல்.

பல பழைய பட்டறைகளில் கான்கிரீட்டின் மேல் மெல்லிய சிமெண்ட் பூச்சு இருக்கும். சுத்தியலால் தட்டும்போது பொத்தென்று வெற்றொலி கேட்டால் பூச்சு அடியில் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அதன்மேல் கிரைண்டர் ஏறினால் பெயர்ந்துவிடும். அப்படிப்பட்ட தரைக்கு எங்கள் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். புதிதாகப் போட்ட கான்கிரீட் என்றால் 28 நாளாவது போகட்டும்.

அடுத்து, தரை எவ்வளவு கெட்டி என்று கீறிப் பார்ப்போம். கிரைண்டரில் எந்தத் தேய்ப்புக் கல்லைப் போடுவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. டைமண்ட் கல்லில் வைரத் துகள்களை உலோகக் கலவை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். அந்த உலோகம் தேயத் தேயத்தான் புது வைரம் வெளியே வரும். கெட்டியான கான்கிரீட்டின் தூள் மிக நயமாக இருப்பதால் உலோகத்தை அவ்வளவாகத் தேய்க்காது. கல் மழுங்கி, வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் கெட்டியான தரைக்கு இளகிய பிடிப்புள்ள கல், இளகிய தரைக்குக் கெட்டியான பிடிப்புள்ள கல். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் வேலை நடப்பது இப்படித்தான்.

"நேராகப் பாலிஷ் கல்லைப் போட்டால் நேரம் மிச்சம்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். கல்லின் நம்பர் கூடக் கூட அதன் துகள் நயமாகும். முதலில் போடும் 30 அல்லது 40 நம்பர் கல் ஆழமான கோடுகளைப் போடும். அவற்றை 80 நம்பர் எடுக்க வேண்டும். 80 போட்ட கோடுகளை 150 எடுக்க வேண்டும். நடுவில் ஒன்றை விட்டால், எவ்வளவு பாலிஷ் போட்டாலும் வெயில் சாய்வாக விழும்போது வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். பளபளப்பு கடைசிக் கல்லில் வருவதில்லை, முதல் இரண்டு மூன்று கல்லிலேயே தீர்மானமாகிவிடுகிறது. எங்கள் நேரமும் உங்கள் பணமும் அங்கேதான் அதிகம் செலவாகும், செலவாகவும் வேண்டும்.

இடையில் லித்தியம் சிலிகேட் கரைசல் ஊற்றுவோம். கான்கிரீட்டில் மீந்திருக்கும் சுண்ணாம்போடு அது சேர்ந்து, சிமெண்டைக் கெட்டியாக்கும் அதே பொருளாக மாறி நுண்துளைகளை அடைக்கிறது. தரையிலிருந்து தூள் கிளம்புவது பெரும்பாலும் இதிலேயே குறைந்துவிடும்.

பட்டறைக்கு 400 நம்பரோடு நிறுத்திக்கொள்வதே எங்கள் யோசனை. 1500, 3000 வரை போனால் கண்ணாடிபோல் இருக்கும்தான், ஆனால் லேத்துக்கு அடியில் அந்த மினுக்கம் எதற்கு? ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எவ்வளவு நன்றாக அரைத்த தரையும் ஆயில் சிந்தினால் வழுக்கும். பேட்டரி ஆசிட் பட்டால் அரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஆழமாக ஊறிய பழைய ஆயில் கறை மங்கும், முழுதாகப் போகாது.

ஜல்லி தெரிய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: ஜல்லி எங்கே மேலே இருக்கிறது என்பது கான்கிரீட் போட்ட அன்றைக்கே முடிவானது. ஒரு மூலையில் நிறையவும் இன்னொரு மூலையில் வெறும் மணலாகவும் தெரியலாம்.

தூசு விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. கான்கிரீட் தூசில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். அதனால் தூசு உறிஞ்சும் இயந்திரம் இல்லாமல் காய்ந்த தரையை அரைக்க மாட்டோம். தண்ணீர் விட்டு அரைத்தால், அந்தச் சேற்றை அள்ளிக் கொண்டுபோய்விடுவோம். அது கடும் காரம், சாக்கடையிலோ செடிக்கோ போகக் கூடாது. வேலை நடக்கும்போது பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

நாங்கள் பார்க்க வருவதற்கு முந்தின நாள், ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி வையுங்கள். மறுநாள் அடியில் ஈரம் கோத்திருந்தால், வண்ணப் பூச்சையோ எபாக்சி என்ற பிசின் பூச்சையோ போடாமல் வெறும் மெருகோடு விடுவது நல்லது. அப்புறம், தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய போல்ட்டுகள் எங்கே இருக்கின்றன என்று குறித்து வையுங்கள். பட்டறைக்கு மும்முனை மின்சாரம் உண்டா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், எந்த இயந்திரத்தை ஏற்றி வருவது என்று முடிவு செய்துகொள்வோம்.

அன்புடன்,
தரை வேலைக் குழுவினர்