கட்டியைக் கரைக்குமா வைட்டமின் டி?

ஆசிரியருக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் இருக்கும் என் அண்ணி மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்து வருகிறார். வைட்டமின் டி சாப்பிட்டால் கட்டி கரைந்துவிடும் என்று யாரோ சொல்ல, வாரம் ஒன்று போட வேண்டிய 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் போட்டிருக்கிறார். கடையில் சீட்டுகூடக் கேட்கவில்லையாம். அப்புறம் வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம். ரத்தத்தில் கால்சியம் ஏறியிருந்தது. நல்லவேளை, டாக்டர் கண்டுபிடித்து நிறுத்தினார்.

அண்ணி கேள்விப்பட்டது முழுப் பொய்யும் அல்ல. மார்பகச் செல்களில் வைட்டமின் டி ஏற்பிகள், அதாவது அதன் செயல்வடிவம் வந்து பொருந்தும் புரதங்கள், இருக்கின்றன. உடலில் அந்த வைட்டமின் கால்சிட்ரியால் என்ற ஹார்மோனாக மாறுகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த புற்றுச் செல்கள் பெருகுவதை அது குறைக்கிறது. ஆனால் அதற்குத் தேவையான அளவை மனிதருக்குக் கொடுத்தால் கால்சியம் எகிறிவிடும். அதனால்தான் மூலக்கூறைச் சற்று மாற்றி, கால்சியத்தை அவ்வளவாக ஏற்றாத சேர்மங்களை உருவாக்கப் பல ஆண்டுகளாக முயல்கிறார்கள். அப்படி வந்த கால்சிபோட்ரியால் இன்று சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்குப் பூசும் மருந்து. மார்பகப் புற்றுநோய்க்கு இன்னும் எதுவும் தேறவில்லை.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு எலும்பு பலத்துக்காக டாக்டர் அளவோடு எழுதித் தருவது வேறு விஷயம். இந்த வித்தியாசத்தை வேலூர் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். உங்கள் மருத்துவப் பக்கத்திலும் ஒருமுறை விரிவாக எழுதுங்கள்.

– ஒரு வாசகி, காட்பாடி