சரண்ஜித் சிங்கை ‘விபத்து’ என்று எழுதாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சரண்ஜித் சிங்கின் ‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ இசைத்தட்டைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து எழுதியதே சந்தோஷம். ஆனால் தலைப்பில் ஆரம்பித்துக் கடைசிப் பத்தி வரை, ‘பம்பாய்க்காரர் ஒருவர் தற்செயலாக ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்துவிட்டார்’ என்ற ஒரே ராகம்தான். (ஆசிட் ஹவுஸ் என்பது எண்பதுகளில் சிகாகோவில் பிறந்த மின்னணு நடன இசை.) 2010இல் அந்தத் தட்டு மறுபதிப்பு ஆனதிலிருந்து வெளிநாட்டுப் பத்திரிகைகள் பாடிக்கொண்டிருப்பதும் இதேதான். பாராட்டு மாதிரித் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம்.

முதலில் ‘தற்செயல்’ விஷயத்துக்கு வருகிறேன். சரண்ஜித் சிங் யார்? ஷங்கர்–ஜெய்கிஷன், ஆர்.டி. பர்மன், லட்சுமிகாந்த்–பியாரேலால் காலத்து பம்பாய் சினிமா ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த கிடார் கலைஞர். பாஸ் கிடார், ஹவாயன் கிடார், டிரான்ஸிகார்ட் என்ற மின்சார அக்கார்டியன் என்று எது கேட்டாலும் வாசிப்பார். சினிமாப் பாட்டுகளை வாத்திய இசையாகத் தட்டில் போட்டிருக்கிறார், கல்யாண வீடுகளிலும் வாசித்திருக்கிறார். நோட்ஸைப் பார்த்தவுடனே வாசிக்க வேண்டிய வேலை அது. அப்படிப்பட்டவர் 1982இல் ரோலண்ட் என்ற ஜப்பான் இசைக்கருவிக் கம்பெனியின் மூன்று மின்னணுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைத்து, பத்து ராகம் வாசித்து எச்.எம்.வி.க்குக் கொடுத்தார். படங்களில் எங்கே பார்த்தாலும் டிஸ்கோ, சரி, அதே தாளத்தில் ராகம் வாசித்தால் என்ன, தபலாவை நிறுத்திவிடலாம் என்று யோசித்துத்தான் செய்ததாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். இதில் விபத்து எங்கே இருக்கிறது? தட்டு விற்கவில்லை, அது வேறு விஷயம்.

அந்த மூன்று கருவிகளில் தாளத்துக்கு டிஆர்-808, ராகம் வாசிக்க ஜூபிடர்-8 என்ற சிந்தசைஸர். மூன்றாவது, டிபி-303. கட்டுரையில் இதை ‘நடன இசைக் கருவி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சுவாரசியமே அதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டிபி-303 நடனத்துக்காகச் செய்ததே அல்ல. கிடார் வாசிப்பவர் பாஸ் கிடார்காரர் இல்லாமலே தனியாகப் பயிற்சி செய்யட்டும் என்று செய்த சின்ன வெள்ளிநிறப் பெட்டி. பாஸ் கிடார்காரருக்குப் பதிலாள். அந்த வேலைக்கு அது சுத்தமாக உதவவில்லை. ஸ்வரத்தைத் தனியாகப் பெட்டிக்குள் ஏற்ற வேண்டும், அது விழும் நேரத்தைத் தனியாக ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்துப் போட்டால் பாஸ் கிடார் மாதிரியும் இருக்காது. சுமார் பத்தாயிரம் பெட்டிகளோடு 1984இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். நான் மெல்லிசைக் குழுவில் பாஸ் கிடார் வாசித்தவன். கீபோர்ட் வந்ததும், ‘இடது கையிலேயே பாஸ் வந்துடுது, அப்புறம் உனக்கு எதுக்கு தனியா சம்பளம்’ என்று கேட்ட காலத்தைப் பார்த்தவன். தன் வேலைக்கே பதிலாளாக வந்த பெட்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பாஸ் கிடார் கலைஞர் ராகம் வாசித்திருக்கிறார் என்பதைப் படித்தபோது எனக்கு வந்த சிரிப்பு உங்கள் கட்டுரையாளருக்கு வந்திருக்க நியாயமில்லை.

அந்தப் பெட்டியில் ‘ஸ்லைடு’ என்று ஒரு வசதி உண்டு. ஒரு ஸ்வரத்துக்கு அதைப் போட்டுவிட்டால், அடுத்த ஸ்வரம் புதிதாகத் தட்டி எழும்பாது. முந்தியதிலிருந்து வழுக்கிக்கொண்டே போய்ச் சேரும். ஹவாயன் கிடாரில் இரும்புக் கட்டையைத் தந்தி மேல் இழுத்தால் வருவதும் இதுதான். இந்துஸ்தானியில் மீண்ட், நம் ஊரில் ஜாரு. கிடாரில் இந்த இழுப்பை வைத்துக்கொண்டு ராகம் வாசிப்பதும் 1982இல் புதுசு இல்லை. பிரிஜ் பூஷண் காப்ரா கிடாரை மடியில் கிடத்தி முழுக் கச்சேரியே செய்துகொண்டிருந்தார். சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராஸியாவோடு அவர் வாசித்த தட்டு 1967இலேயே வந்துவிட்டது. ஹவாயன் கிடார் வாசித்துப் பழகிய ஒருவர் கையில், ஸ்வரத்தை வழுக்கவிடும் ஒரு பெட்டி கிடைத்தால் ராகம் வாசிக்காமல் வேறு என்ன செய்வார்? தட்டில் ஓர் இடத்தில்கூடக் கிடார் சத்தம் இல்லை. ஆனாலும் எனக்கு அது கிடார்காரர் போட்ட தட்டாகத்தான் கேட்கிறது.

இரண்டாவது சங்கடம் சிகாகோ பையன்களைப் பற்றியது. ‘ஐந்து வருஷம் முன்னாலேயே நாம் செய்துவிட்டோம்’ என்று கட்டுரையில் ஒரு காலர் தூக்கல் தெரிகிறது. ஆசிட் ஹவுஸின் தொடக்கம் என்று சொல்லப்படும் ‘ஆசிட் ட்ராக்ஸ்’ தட்டை சிகாகோவின் ஃப்யூச்சர் குழு வெளியிட்டது 1987இல், உண்மைதான். ஆனால் யாரும் வாங்காத அந்த பம்பாய்த் தட்டு அவர்கள் காதுக்குப் போயிருக்க வழியே இல்லை. விலை போகாமல் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்த டிபி-303ஐ வாங்கி, பாஸ் வரி ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகுகளைத் திருகித் திருகி, கத்தவும் குழையவும் வைத்தார்கள். அங்கே அந்தத் திருகல்தான் பாட்டு. சிங்கின் தட்டில் பெட்டி பின்னால் ஓடுகிறது. பாட்டு மேலே, ஜூபிடரில் அவர் விரல் வாசிக்கும் ராகத்தில் இருக்கிறது. கேட்க ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு வேலை. யார் முந்தி என்று ஓட்டப்பந்தயம் வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் நஷ்டம். மறுபதிப்பு வந்த புதிதில், ‘இது 1982 ஆக இருக்காது, இப்போது யாரோ செய்துவிட்டுப் பழைய தட்டு என்று ஏமாற்றுகிறார்கள்’ என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். சிகாகோவை மட்டும் அளவுகோலாக வைத்தால் அப்படித்தான் தோன்றும்.

இவ்வளவு சொல்வதால் தட்டு குறையே இல்லாதது என்று வாதாட வரவில்லை. தாளம் பத்து ராகத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்; முழுத் தட்டையும் ஒரே மூச்சில் கேட்டால் எனக்கு அலுக்கிறது. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் போல. அதற்குள் ராகத்தின் உருவம் தெரிந்துவிடும், விஸ்தாரத்துக்கு இடமில்லை. ஒரு நாளைக்கு இரண்டு கேட்டால் போதும்.

எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: பூபாளி நம் மோகனம், மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம், காதுக்குப் பழகியவை, இவற்றில் தொடங்கினால் டிஸ்கோ தாளம் மிரட்டாது. யமன் என்றால் கல்யாணி. பைராகி கிட்டத்தட்ட ரேவதி. இந்துஸ்தானித் தோடியை நம் தோடி என்று கட்டுரையில் எழுதியிருப்பது பிழை, அது சுபபந்துவராளி பக்கம். கலாவதியும் அப்படித்தான், பேர் ஒன்றானாலும் நம் கலாவதி இல்லை, வலஜியைத் தேடுங்கள். லலித்தில் இரண்டு மத்யமமும் உண்டு, பஞ்சமம் கிடையாது. சுருதியில் பஞ்சமத்தைக் கேட்டே வளர்ந்த காதுக்கு அது முதலில் ஒரு மாதிரி இருக்கும், விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, கைபேசி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ‘ஒண்ணும் இல்லையே’ என்று சொல்ல வேண்டாம். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பாஸ் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். ஹெட்போன் அவசியம்.

அந்தத் தட்டைத் தேடிப்பிடித்து மறுபடி வெளியிட்டவர் எடோ பவ்மன் என்ற டச்சுக்காரர். அதற்குப் பிறகு சிங்கை ஐரோப்பிய மேடைகளுக்கு அழைத்தார்கள். எழுபதை ஒட்டிய வயதில் அதே ராகங்களை அங்கே போய் வாசித்தார். 2015இல் காலமானார். கடைசி சில வருஷமாவது கைத்தட்டல் கிடைத்ததே என்று ஆறுதல். ஆனால் அதை வாங்கிக்கொடுக்க ஆம்ஸ்டர்டாம் பக்கத்திலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது என்பதை உங்கள் கட்டுரை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டது.

அதனால் ஒரு கோரிக்கை. மெட்ராஸ் ரெக்கார்டிங் தியேட்டர்களில் பாஸ் கிடார், லீட் கிடார், சிந்தசைஸர் வாசித்தவர்கள் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அந்தக் கால கேசட் அட்டைகளில் இசையமைப்பாளர் பேர் இருக்கும், பாடகர் பேர் இருக்கும், கம்பெனி பேர் பெரிசாக இருக்கும். வாசித்தவர் பேர் பெரும்பாலும் இருக்காது. மாதம் ஒருவரை அழைத்துப் பேசவிட்டு ஒரு தொடர் போடுங்கள். எந்தக் கருவி, எங்கே வாங்கினார், எந்தப் பாட்டில் என்ன வாசித்தார் என்று நேரடியாகக் கேளுங்கள். கேள்வி தயாரிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய பாஸ் கிடார்காரன்,
திருச்சி